நாலு சில்லும் இழுக்கும்

என் கணவருக்கு வாகனம் என்றால் பெரிதாக இருக்க வேண்டும். நாங்கள் இருந்ததோ பாரிஸின் லா சப்பலில், ஒரு கார் போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய தெருவில். அவர் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றி முடிப்பதற்குள் நான் நடந்தே போய் மீன் வாங்கி, வெட்டிக் கழுவி, குழம்பும் வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட தெருவுக்குத்தான் ஏழு பேர் இருக்கக்கூடிய, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். பிரெஞ்சுக்காரர் இந்த வகை வண்டியைக் ‘கத்-கத்’ என்பார்கள். நாலு-நாலு என்று அர்த்தம். எங்கள் சனமும் அப்படியே சொல்லப் பழகிவிட்டது.

வாங்கிய கையோடு ரூ பஜோல் என்ற தெருவில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைத்தோம். ஐயர் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு தேசிக்காய் வைக்கச் சொன்னார். இவர் ஒவ்வொன்றாகக் குனிந்து வைத்தார். அந்த டயர்களை அவர் அவ்வளவு கிட்டப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் விளக்கம் தொடங்கிவிடும்.

“சும்மா ஓடேக்கை முன் சில்லு ரெண்டும்தான் இழுக்கும். முன் சில்லு வழுக்குது எண்டு தெரிஞ்சா, கண் மூடித் திறக்கிறதுக்குள்ளை பின் சில்லுக்கும் இழுவை போயிடும். எல்லாம் அதுவே பாத்துக்கொள்ளும். நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை.”

இந்தக் கடைசி வசனத்தில்தான் எங்கள் குடும்பத்துக்குச் சனி இருந்தது.

பாரிஸில் பனி கொட்டுவது அபூர்வம். கொட்டினால் ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். வண்டி வாங்கிய முதல் குளிர்காலத்தில் ஒருநாள் காலை அப்படிக் கொட்டியது. ரூ பெர்தொனேயில் மரக்கறி இறக்க வந்த வான் ஒன்று நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் கயிறு கட்டி, நம் வண்டியால் மெதுவாக இழுத்து வெளியே எடுத்தார். நகைக்கடைக்காரர், சாப்பாட்டுக்கடைக்காரர் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். மேடு பள்ளம் இல்லாத தெரு, நடக்கிற வேகம். அதில் கிடைத்த வெற்றியை இவர் மூன்று குளிர்காலம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என் அண்ணன் சுவிஸில் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் இருந்தார். அங்கே இலையுதிர்காலம் வந்ததும் எல்லாரும் குளிர்கால டயருக்கு மாற்றிவிடுவார்கள். அண்ணன் தொலைபேசியில் சொல்லத்தான் செய்தார்: “மச்சான், இஞ்சாலை வாறதெண்டா ஸ்னோ ரயர் போட்டுக்கொண்டு வாங்கோ. கத்-கத் எண்டு நம்பாதேங்கோ.” இவர் சிரித்துவிட்டு, “நாலு சில்லும் இழுக்குதுதானே, பிறகென்ன?” என்றார். அண்ணன் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. அத்தோடு விட்டுவிட்டார்.

அந்த அண்ணன்தான் ஒரு தை மாதம், வேலைக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா வன்னியில் இருந்து தப்பி, முகாமில் கிடந்து, பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவர். 2009இல், போரின் அந்தக் கடைசி மாதங்களில் என் தம்பிமார் இருவரும் இல்லாமற் போனார்கள். ஒருவன் ஷெல்லில் செத்ததைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். மற்றவனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா இரண்டு பேரின் முகத்தையும் பார்க்கவில்லை. அதனால் இருவருக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. “கண்டவை ஆர்?” என்று கேட்பார். அதற்கு மேல் அந்தக் கதையை எடுக்க விடமாட்டார். வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் இன்றைக்கும் அம்மாதான் முதலில் எழும்புவார்.

ஆகவே அண்ணன் செத்த செய்தி வந்தபோது, நான் அழுதுகொண்டே நினைத்தது ஒன்றுதான். இந்த முறை உடம்பு இருக்கிறது. பெட்டியில் வைத்து, முகத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அம்மா பார்க்க வேண்டும். பார்த்து, தலையில் அடித்து, கத்தி அழ வேண்டும். மூன்று ஆண்பிள்ளைகளில் ஒருவனாவது போய்விட்டான் என்று அவர் நம்ப வேண்டும். இல்லையென்றால் அந்தக் கதவுச் சத்தத்துக்கு அவர் மூன்று பேருக்காக எழும்புவார்.

ரயிலில் போவோம் என்றேன். இவர் மறுத்தார். அதற்கும் காரணம் இருந்தது. அண்ணன் இருந்த ஊரில் செத்தவீட்டுச் சாமான் எதுவும் கிடைக்காது. பூமாலை, தேங்காய், தர்ப்பை, வெள்ளை வேட்டி எல்லாம் லா சப்பலில் இருந்துதான் போக வேண்டும். ஐரோப்பாவில் எந்த மூலையில் தமிழன் செத்தாலும் அவனுக்கு மாலை இங்கிருந்துதான் போகும். அண்ணியும் கேட்டிருந்தார். மாலைப் பெட்டிகளும் தேங்காய் மூட்டையும் பின்னால் ஏறின. பிற்பகலில் எரிக்கிறார்கள், விடியுமுன் வெளிக்கிட்டால் தாராளமாகப் போய்ச் சேரலாம் என்றார் இவர். கணக்கு சரிதான். யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லாமல், செத்தவீட்டுக்குப் போகிற முறைப்படி மூன்று பேரும் பேசாமல் இறங்கி வண்டியில் ஏறினோம்.

சுவிஸ் எல்லையில் ஜூரா மலை தொடங்குகிற இடம் வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. அதன் பிறகு பனி கொட்டத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் லொறிகள் வரிசையாக நின்றன. கார்களும் நின்றன. பனி வழிக்கிற வாகனம் முன்னால் வேலை செய்கிறது, பாதை திறக்கும்வரை பொறுங்கள் என்று பொலிஸ்காரர் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அம்மா பின் இருக்கையில் இருந்து, “எத்தினை மணிக்கு எடுக்கினம்?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன்.

இவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “இது சும்மா காருகளுக்குச் சொல்லுறது. எங்களுக்கு நாலு சில்லும் இழுக்கும்” என்றார்.

“பொலிஸ் பொறுக்கச் சொல்லுதப்பா. எல்லாரும் நிக்கினம்தானே.”

“நீர் சும்மா இரும். மாமி தன்ரை பிள்ளையைப் பாக்கவேணும். இந்த லொறிக்காரரோடை நிண்டா நாளைக்குத்தான் போவம்.”

வண்டியைத் தெருவோரமாக ஓட்டி, அடுத்த வெளிவழியால் இறங்கி, மலையைக் கடக்கிற சின்னப் பாதையில் ஏற்றினார்.

ஏறினது என்றால் என்ன ஏற்றம்! பாதையோரத்தில் இரண்டு கார்கள் சக்கரம் சுற்றியபடி ஏற மாட்டாமல் கிடந்தன. எங்களுடையது ஒருதரம் உதறியது, பின் சக்கரங்கள் பிடித்துத் தள்ளுவது முதுகில் தெரிந்தது, பிறகு மாடு வண்டி இழுப்பது போலச் சீராக மேலே போனது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இவர் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்து, “பாத்தியளே மாமி?” என்றார். அம்மா வண்டியையோ மலையையோ பார்க்கவில்லை.

இப்போது எனக்குத் தெரியும். கோபத்தில் தேடித்தேடி வாசித்துத் தெரிந்துகொண்டேன். நாலு சக்கரமும் இழுப்பது வண்டி புறப்படுவதற்கும் ஏறுவதற்கும்தான். நிற்பதற்கு அது ஒரு உதவியும் செய்யாது. பிரேக் போட்டால் எந்தக் காருக்கும் நாலு சக்கரமும்தான் பிடிக்கும்; எங்களுடையதற்கு அதில் ஒரு விசேஷமும் இல்லை. ஐந்தாவது சக்கரமா பிடிக்கப்போகிறது? தெருவைப் பிடிப்பது டயரின் ரப்பர். எங்கள் டயர் கோடைக்கால டயர். குளிரில் அந்த ரப்பர் பலகை போல இறுகிவிடும். வண்டியோ சின்னக் கார்களைவிடப் பாரம் கூடியது. ஏறும்போது வழுக்கவே இல்லை என்பதால் தெரு எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வழுக்கி நின்ற அந்த இரண்டு கார்க்காரருக்கும் அது தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை.

உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கினோம். முதல் வளைவில் இவர் பிரேக்கை மிதித்தார். அடியில் டக்டக்கென்று சத்தம் கேட்டது, வண்டி வேகம் குறையவில்லை. ஸ்டியரிங்கை வளைத்தார், சக்கரம் வளைந்தது, வண்டி வளையவில்லை. கத்தக்கூட நேரம் இருந்தது. மெதுவாகத்தான் போனது. அந்த மெதுவை என்னால் மறக்க முடியவில்லை. வளைவை விட்டு நேரே போய், பனியைக் குத்திக்கொண்டு, பாதையோரக் கான் பள்ளத்துக்குள் முகம் குப்புற இறங்கியது. தேங்காய்கள் மூட்டையை விட்டு உருண்டு வந்து எங்கள் காலடியில் கிடந்தன.

ஒருவருக்கும் காயம் இல்லை. அம்மா கேட்டார்: “ஏன் நிண்டிட்டுது?”

இவர் பின்னுக்கு எடுக்கப் பார்த்தார். நாலு சக்கரமும் சுற்றின. நாலும் சும்மா சுற்றின. இறங்கித் தள்ளினோம், கையால் பனியைத் தோண்டினோம். எனக்கு நகக்கண்ணில் இரத்தம் வந்தது, அவருக்கு மூச்சு வாங்கியது. வண்டி அசையவில்லை.

அப்போது அதே வளைவில் சின்னப் பழைய கார் ஒன்று இறங்கி வந்தது. முன் சக்கரம் இரண்டும் மட்டும் இழுக்கிற, எங்களுடையதில் பாதிகூட இல்லாத கார். வயதான பிரெஞ்சுக்காரி ஒருத்தி ஓட்டினாள். எங்களைக் கண்டதும் பிரேக் போட்டாள், எங்களுக்குப் பின்னால் அலுங்காமல் நின்றது. இறங்கி வந்து எங்கள் டயரைப் பார்த்தாள். “எத்தே” என்றாள். கோடைக்காலத்து என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அம்மாவைத் தன் காரில் ஏற்றி, மடியில் கம்பளி போட்டு, வண்டி இழுக்கிறவர்களுக்குத் தொலைபேசி எடுத்தாள். மலையில் எல்லா இடத்திலிருந்தும் அழைக்கிறார்கள், வரச் சுணங்கும் என்றார்களாம். எல்லைக்கு அப்பால் தன்னால் போக முடியாது, வீட்டில் படுக்கையில் ஒரு ஆள் இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டாள். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பனி கொஞ்சம் விட்டது. நாங்கள் நின்ற இடத்தில் இருந்து கீழே நெடுஞ்சாலை தெரிந்தது. லொறிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற கார்களும் அதில் போயிருக்கும். நான் இவரைக் கையால் தொட்டுக் காட்டினேன். பார்த்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த மலையிலேயே எங்கள் கலியாணம் முடிந்திருக்கும்.

பிற்பகல் அண்ணி அழைத்தார். “எங்கை நிக்கிறியள்? இஞ்சை அடுத்த ஆக்கள் வந்திட்டினம். நேரத்தை ஒருக்கால் தள்ளிப்போட்டாச்சு, இனிப் பொறுக்கமாட்டினமாம். மூடவோ எண்டு மாமியை ஒருக்காக் கேளுங்கோ.”

நான் அந்தச் சின்னக் காரின் கதவைத் திறந்து அம்மாவிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன், என்ன சொற்களால் கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. அம்மா கம்பளியை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

“உன்ரை அண்ணியை ஏன் அலைக்கழிக்கிறியள்? மூடச் சொல்லு” என்றார்.

இழுவை வண்டி வந்து எங்களைத் தூக்கிவிட்ட பிறகு, பனி வழித்த பாதையால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எரிக்கிற மண்டபத்தில் வேறு யாருக்கோ இசை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி வீட்டில் ஒருவர் பெட்டிக்குள் அண்ணனைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அம்மாவிடம் நீட்டினார். அம்மா அந்தக் கையை மெதுவாகத் தள்ளிவிட்டார். “படத்திலை எல்லாரும் நித்திரை கொள்ளுற மாதிரித்தான் இருப்பினம்” என்றார். எல்லாரும் அழுத அந்த வீட்டில் அம்மா மட்டும் அழவில்லை. நான் பயந்தது நடந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

இவர் இப்போது ஒவ்வொரு குளிர்காலமும் ஒழுங்காக டயர் மாற்றுகிறார். நாங்கள் எங்கும் போவதில்லை, ஆனாலும் மாற்றுகிறார். ஆட்களிடம் கதை சொல்லும்போது “றோட்டு அப்பிடி” என்கிறார். நான் குசினிக்குள் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன். அம்மாவை ஏற்றிக்கொண்டு விரைந்ததே அம்மாவுக்காகத்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கோபம் போகவில்லை. சமைத்துப் போடுகிறேன், துணி தோய்த்துக் கொடுக்கிறேன், கோபமும் இருக்கிறது.

ஆண்டுத்திவசத்துக்குச் சாமான் வாங்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரூ பெர்தொனேக்குப் போனேன். கடையில் தெரிந்த பெண் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்து, “மூத்தவரும் போயிட்டாராம், கேள்விப்பட்டன் அம்மா” என்றாள்.

“அப்பிடித்தான் சொல்லினம்” என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் எனக்குப் பொறுக்க முடியவில்லை. பையைத் தரையில் போட்டுவிட்டுக் கத்தினேன். “அம்மா, அண்ணை செத்துப்போனார். எரிச்சாச்சு. ஒரு வருசமாச்சு. விளங்குதே உங்களுக்கு?”

அம்மா கோபிக்கவில்லை. எனக்கு ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டார்கள் என்பதைப் போல, இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்.

“நீ கண்டனியே பிள்ளை?”

நான் காணவில்லை.