வழி நெடுக உரல்

என் அண்ணன் ஏசுவடியானை ராஜபாளையத்தில் பலருக்கும் பால்காரர் என்றுதான் தெரியும். ஆனால் சொந்தமாக ஒரு மாடுகூடக் கிடையாது. விடியும் முன் தொழுவங்களில் கறக்கும் பாலை இரண்டு கேன்களில் வாங்கி, சைக்கிளின் பின்னால் இருபுறமும் கட்டித் தொங்கவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் பால்ச்சாமியின் கடைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. ஏழு மைல். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேராவிட்டால் பால் திரிந்துவிடும்.

1937இல் நான் ஊர் திரும்பியபோது அவரிடம் அந்த வேலை இல்லை. ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயாவாகக் கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று சுற்றிவிட்டு வந்திருந்தேன். வாசலில் பெட்டியை இறக்கும்போதே உள்ளே சைக்கிள் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அடுப்படிக்குப் பக்கத்தில் அண்ணன் சைக்கிளில் உட்கார்ந்து வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் ஓரடிகூட நகரவில்லை.

"வா ஏட்டி. நீ உலகம் பூராச் சுத்திட்டு வந்துட்ட. நான் இப்பத்தான் பாதி வழி வந்திருக்கேன். செத்த நேரம் இரு" என்றார்.

முந்தின வருஷம் ரோட்டில் ஒரு பஞ்சு வண்டி சாய்ந்து, பொதி அவர் இடது முழங்காலில் விழுந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும். ஆயுசுக்கும் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் காலில் மட்டும் பாரம் போட்டு நிற்கவும் முடியாது. அண்ணன் நேராகக் கொல்லர் கருத்தையாவிடம் போய், இடது பெடலைத் தாங்கும் இரும்பை வெட்டிப் பாதி நீளமாக்கி வாங்கி வந்தார். வலது கால் பெரிய வட்டம் போடும், இடது கால் சின்ன வட்டம் போடும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் சக்கரம் சுற்றியது.

ரோட்டில் விழுந்தால் அந்த முழங்கால் இன்னோர் அடி தாங்காது. அதனால் காலில் பழைய பலம் வரும்வரை வீட்டுக்குள் மிதிப்பது என்று முடிவு. பின்சக்கரம் தரையில் படாதபடி இரண்டு கவட்டைக் கட்டைகளில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தியிருந்தார். சக்கரத்தின் மேல் ஒரு சணல் கயிறு. அதன் இரு முனைகளிலும் கல். கல் கூடக் கூட மிதி கனக்கும். கல்லைக் கட்டுவது செல்லத்தாய் மதினியின் வேலை. அவர்கள் அம்மியில் அரைத்துக்கொண்டே வேதக்கோயில் கீர்த்தனை பாடுவார்கள், அண்ணன் பாட்டுக்குத் தக்கபடி மிதிப்பார்.

"மதினி, இன்னைக்கு ரொம்ப இழுத்துப் பாடுதியளே" என்றேன் ஒருநாள்.

"பாலத்து ஏத்தம் வருதுல்லா? வேகமாப் பாடினா ஒங்க அண்ணன் ஏத்தத்துல ஏமாத்திருவாக."

பால்ச்சாமி அதுவரை பாலை பஸ்ஸில் வரவழைத்துக்கொண்டிருந்தார். பஸ் நின்று நின்று வந்ததில் பாதி நாள் பால் திரிந்தது. செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் அந்த வேலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பால்ச்சாமி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்: பங்குனி பிறந்ததும் ஒரு நாள் கொண்டு வரட்டும். பால் நல்லபடியாக வந்தால் வேலை அவனுக்கு, திரிந்தால் செட்டியார்பட்டிக்காரனுக்கு.

அந்த நாளும் வந்தது. சும்மா வீட்டில் உட்கார எனக்கு ஏலாது. ரங்கூனில் சைக்கிள் பழகியிருந்தேன். வாடகைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் கிளம்பினேன். தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது, அண்ணனை அல்ல, என்னை.

தொழுவத்தில் கேன்களைக் கட்டியதும், அங்கிருந்த கல்தொட்டியின் விளிம்பில் நின்று அண்ணன் லாகவமாக ஏறினார். பாலத்து ஏற்றத்தில் மதினியின் கீர்த்தனையை முணுமுணுத்தபடி என்னை முந்தினார். பாதி வழி தாண்டியதும் ஓர் ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டது. அண்ணன் பிரேக் பிடித்து இறங்கினார்.

மந்தை போய்விட்டது. அண்ணன் ஏறவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, கால் வலிக்கா?"

"காலுக்கு ஒண்ணுமில்ல. உரல் இல்லல்லா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் சைக்கிளுக்குப் பக்கத்தில் உரல் கிடக்கும். தினமும் அதன் மேல் நின்றுதான் ஏறுவார். மாதக்கணக்கில் மிதிக்கப் பழகியவர், தரையிலிருந்து ஏறப் பழகவே இல்லை. ஏற வேண்டுமானால் இடது காலைப் பெடலில் ஊன்றி எழ வேண்டும், அது தாங்காது. வலது பக்கமிருந்து ஏறலாம் என்றால், மடங்காத காலைக் கேன்களுக்கு மேலே வீச முடியாது.

"நான் பிடிச்சுக்கிடுதேன், ஏறுங்க" என்றேன்.

"இன்னைக்குப் பிடிப்ப. நாளைக்கு நீ எந்தக் கப்பல்ல இருப்பியோ. தள்ளி நில்லு."

கேன்களில் வெயில் விழத் தொடங்கிவிட்டது. அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விந்தி விந்தி நடந்தார். நானும் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம், மைலுக்கு எட்டாக நட்டிருக்கும் பர்லாங்குக் கல்களில் ஒன்று வந்தது. முழங்கால் உயரம், தலை தட்டை. அண்ணன் நின்றார். கல்லை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு சைக்கிளை அதை ஒட்டி நிறுத்தி, வலது காலை அதன் மேல் வைத்து எழுந்து, இடது காலை முன்கம்பிக்கு மேலே தூக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா? எனக்குன்னு வழி நெடுக உரல் நட்டு வச்சிருக்கான் வெள்ளக்காரன். அம்புட்டுத்தான், வா."

பிறகு அவரைப் பிடிக்க என்னால் முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பால்ச்சாமி ஒரு கரண்டிப் பாலை அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தார். பால் ஓரத்தில் முத்து முத்தாக நுரைத்தது. இப்போது திரிந்தால் வேலை போயிற்று. நுரை எழுந்து, கரண்டி விளிம்பைத் தாண்டிப் பொங்கி வழிந்தது. திரியவில்லை.

"சட்டியில ஊத்துங்கடா" என்றார் பால்ச்சாமி, ஆட்களிடம். பிறகு அண்ணனைப் பார்த்து, "செட்டியார்பட்டிக்காரன வர வேண்டாம்னு சொல்லிருதேன். இன்னும் ஏம்லே நிக்க?"

"மொதலாளி, கடை வாசல்ல ஒரு உரல் வேணும்."

"உரலா? ஏம்ல, ஒம் பொண்டாட்டி மாவாட்ட இங்கயா வாரா?"

அண்ணன் காரணத்தைச் சொன்னார். பால்ச்சாமி சிரிக்கவில்லை. கொல்லையிலிருந்து ஓட்டை விழுந்த பழைய உரல் ஒன்றை உருட்டி வந்து, வாசலில் கவிழ்த்துப் போட வைத்தார்.

"போட்டாச்சு. ஆனா பால்கோவா திங்க வர்றவன்லாம் இதுலதான் உக்காருவான், பாத்துக்க."

"உக்காரட்டும் மொதலாளி" என்றார் அண்ணன், அதன் மேல் காலை வைத்தபடி. "நான் வெளிய வரும்போது மட்டும் எந்திரிக்கச் சொல்லும்."