துப்பாத ஒரு மடக்கு

பொய் சொல்லிப் பிழைக்கிறவன் நான். பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்தில், காப்பிப் பணத்தில் எழும்பிய பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. என் பொய்கள் எவை என்று எனக்குத் தெரியும். இது அவற்றில் சேராது.

அன்று மழை. டிராம் ஓடவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி வரலாறு வேண்டாம், கால்பந்து வேண்டும். முதலாளி ஜுரந்திர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்: "டேய் எவால்டோ, இன்னிக்கும் எவனாவது குறை எழுதினா நாளைக்கு வராத." வீட்டில் பச்சைக் குழந்தை.

பளிங்குத் தூண்களைப் பற்றிக் கதை அளந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்ர்...

காப்பியை ருசி பார்ப்பவர்கள் கரண்டியிலிருந்து உறிஞ்சும் சத்தம். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். உறிஞ்சியதும் துப்பிவிடுவார்கள். நாள் முழுக்க ருசிப்பவன் விழுங்கினால் என்ன ஆவது?

துப்பும் சத்தம் வரவில்லை.

"யாரோ என்னை ருசி பாக்குறாங்க போல" என்றேன்.

"ஜோக்கெல்லாம் அப்புறம் தம்பி" என்றார் கூட்டத்திலிருந்த நெவுசா என்ற பெரியம்மா. "என் செருப்புக்குள்ள மீன் வளக்கலாம்."

அடுத்த தெருமுனையிலும் சர்ர்ர்... திரும்பினேன். எல்லார் கையிலும் குடை. கரண்டி இல்லை.

கடைசி இடம், பழைய ஏற்றுமதிக் கட்டடத்தின் மாடியில் ருசி அறை. காவல் பார்க்கும் ஜுலெய்ட்டி அக்கா போனில் பேசியபடியே சாவியை நீட்டினார். மேலே வழக்கம்போல் காப்பி தயாராக இருந்தது. சுழலும் வட்டமேசை, சுற்றிலும் கோப்பைகள், ஆவி.

"உறிஞ்சுங்க, அந்தப் பித்தளைக் குவளையில துப்புங்க."

யாரும் அசையவில்லை.

"துப்புறதுக்கா காசு கொடுத்தோம்?" என்றார் ஒருவர். குறை எழுதப் போனை எடுத்தார்.

போச்சு, வேலை போச்சு.

என் காதருகே... சர்ர்ர்.

மேசை நகர்ந்தது.

யாரும் தொடவில்லை.

கிர்ர்ர்... நின்றது. ஒரு கோப்பை, என் எதிரே.

எரிச்சல் தலைக்கேறியது. எடுத்தேன். ஒரே மடக்கு. விழுங்கினேன்.

ஆவி பறந்தது. காப்பி ஜில்லென்றிருந்தது.

பின்னால்...

த்தூ.

எல்லாரும் கைதட்டினார்கள். "நல்லா ஏற்பாடு பண்ணியிருக்க தம்பி" என்று நெவுசா என் கன்னத்தைக் கிள்ளினார். குறை எழுதப் போனவர் பாராட்டி எழுதினார். வேலை தப்பியது.

சாவியைக் கொடுக்கும்போது ஜுலெய்ட்டி அக்கா கேட்டார்: "காப்பி இல்லாம எப்படிடா சமாளிச்ச? காலைலேருந்து கேஸ் இல்ல. சொல்ல மறந்துட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"எங்கப்பா காலத்துல ஒரு ருசிக்காரர் அந்த மேசையிலயே செத்துப்போனார். வாய்ல ஒரு மடக்கு அப்படியே இருந்துச்சாம். முழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல."

நான் விழுங்கிய நாளிலிருந்து அந்த அறையில் சத்தமே இல்லையாம்.

நான்தான் பல் துலக்கினால் துப்ப முடியாமல் தவிக்கிறேன். துப்பப் போனால் வாய் திறப்பதில்லை. பற்பசையை விழுங்கித் தொலைக்கிறேன்...

அது காப்பியாக ருசிக்கிறது.