தப்பாக அடிக்கச் சொன்ன மதியம்

போன வாரம் காட்பாடியில் சென்னை ரயில் ஏறி உட்கார்ந்ததும், எதிர் சீட்டு அம்மா பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். பை புதிது போல, தோல் வாசனை குப்பென்று வந்தது. ஜன்னலைப் பார்த்தபடியே அடிக்க ஆரம்பித்தார். டக் டக் டக் டக். வேகம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் பண்ணினவர் என்று நான் பந்தயமே கட்டியிருப்பேன். கேட்கத்தான் தைரியம் வரவில்லை. உங்கள் விரல் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன் என்று முன்பின் தெரியாத ஒருத்தி சொன்னால், யாராக இருந்தாலும் எழுந்து வேறு பெட்டிக்குத்தான் போவார்கள்.

அந்தச் சத்தமும் தோல் வாசனையும் சேர்ந்தால் எனக்கு ஒரே இடம்தான் ஞாபகம் வரும். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் பின்னால், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் எக்ஸ்போர்ட் ஆபீஸ்.

அப்போது நானும் ஹெப்சிபாவும் வேலூர்ப் பக்கம் ஒரு காலேஜில் எம்.ஈ. படித்துக்கொண்டிருந்தோம். அவள் சத்துவாச்சாரிக்காரி. அம்மா நர்ஸ், அப்பா வாத்தியார். எங்கள் கம்ப்யூட்டர் லேபுக்குள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற சீமையில் வெறுங்காலோடு ஆராய்ச்சி செய்தோம். ஏசி குளிரில் கால் விறைத்துப்போகும். ஆனாலும் அந்தக் கதவைத் திறந்ததும் வருமே, கம்பளமும் சூடான மானிட்டரும் கலந்த ஒரு வாசனை, அது எனக்குக் கோயில் வாசனை மாதிரி.

பேச வாய் திறந்தால் அட்டெண்டர் முறைப்பார். அதனால் பக்கத்துப் பக்கத்து கம்ப்யூட்டரிலிருந்தே அடித்துப் பேசிக்கொள்வோம். அதற்கென்று ஒரு புரோகிராம் இருந்தது. நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அப்படியே அவள் திரையில் போய் விழும். அழித்தால் அழிவதும் தெரியும். ஹெப்சிபா ஒரு எழுத்து தப்பினாலும் வரி மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். 'பசிக்குது' என்று சொல்வதற்குள் கேன்டீன் மூடிவிடும்.

எங்கள் ஆராய்ச்சி இதுதான். பாஸ்வேர்டை யார் வேண்டுமானாலும் திருடலாம். அதை அடிக்கிற விரலைத் திருட முடியுமா? ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே விரல் எடுத்துக்கொள்ளும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். அதை அளந்து, அடிப்பது யார் என்று சொல்ல ஒரு புரோகிராம் எழுதினோம். லேபில் அது பிரமாதமாக வேலை செய்தது. என் பாஸ்வேர்டை ஹெப்சிபா சரியாக அடித்தாலும் 'நீ அவள் இல்லை' என்று துரத்தியது. நாங்கள் குதித்த குதியில் அட்டெண்டர் வந்து கதவைத் திறந்து பார்த்தார்.

எங்கள் கைடு மட்டும் குதிக்கவில்லை. "ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் ரெண்டு வெரல்ல குத்துறவங்க. நெஜமான ஆபீஸ்ல போய்க் காட்டுங்க. அங்க ஓடலன்னா டாபிக்க மாத்திக்கோங்க" என்றார். எனக்கு டாபிக் மாறினால் தலைவலி, அவ்வளவுதான். ஹெப்சிபாவுக்கு அப்படி இல்லை. பேப்பர் கான்ஃபரன்ஸில் தேர்வானால் பி.எச்டி. படிக்கலாம், இல்லையென்றால் ஜூன் மாதம் குடியாத்தம் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர வேண்டும் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

ஹெப்சிபாவின் சித்தி மூலம் அந்த ஷூ கம்பெனியில் ஒரு நாள் அனுமதி கிடைத்தது. ஃப்ளாப்பிகளை டிபன் பாக்ஸில் பத்திரமாக அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஆபீஸில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் இன்வாய்ஸ் அடிக்கிறவர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி நஸ்ரின் அக்கா. ஒவ்வொருவராக உட்கார வைத்து ஒரே வாக்கியத்தை அடிக்கச் சொன்னோம். பிறகு ஆளை மாற்றி உட்கார வைத்தோம். நஸ்ரின் அக்காவின் பெயரில் மேரி போய் உட்கார்ந்தாள். எங்கள் புரோகிராம் 'வருக நஸ்ரின்' என்றது. ஜெயந்தி உட்கார்ந்தாள். அவளுக்கும் 'வருக நஸ்ரின்'.

"இன்னாம்மா, உங்க மிஷினுக்குக் கண்ணு தெரிலயா? எல்லாரையும் நான்னு சொல்லுது. அப்ப சம்பளமும் மொத்தமா எனக்கே வருமா?" என்று நஸ்ரின் அக்கா கேட்க, ஆபீஸே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. ஹெப்சிபா அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் அடிப்பதை உட்கார்ந்து கேட்டாள்.

"அக்கா, நீங்கள்லாம் டைப்பிங் எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கன்னா? பஜார்ல ஒரே இன்ஸ்டிடியூட் தான. மாஸ்டர் டேப்ல பேண்டு வாத்தியம் போட்டுடுவாரு. அது டொம்முனா நாம டக்குனு அடிக்கணும். லேட்டானா வெளிய அனுப்பிச்சிடுவாரு."

விஷயம் விளங்கிவிட்டது. ஊரே ஒரே பேண்டுக்கு அடித்துப் பழகிய விரல்கள். இதில் யாரை யார் என்று பிரிப்பது? ஜூன் மாதத்துக் குடியாத்தம் பஸ் என் கண்ணுக்கே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து நஸ்ரின் அக்கா சிரித்துக்கொண்டே அடித்ததில் ஒரு எழுத்து தப்பியது. "ச்சே" என்றார். அவருடைய இடது கை தானாக மேலே எழுந்து, காற்றில் எதையோ தேடித் தள்ளப் போனது. டைப்ரைட்டரில் அடுத்த வரிக்குத் தள்ளும் கம்பி! அது இல்லை என்று தெரிந்ததும் அசடு வழிந்தபடி ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பக்கத்தில் மேரியைப் பார்த்தேன். அவளுக்கும் ஏதோ தப்பியிருந்தது, அழிக்கிற கட்டையை அமுக்கியது அமுக்கியபடியே பிடித்திருந்தாள். வரி முழுக்கப் போனது. நான் ஹெப்சிபாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏய், இவ உன்ன மாதிரியே அழிக்கிறாடி!"

ஹெப்சிபா என்னைப் பார்த்தாள். மாஸ்டர் அடிக்கத்தான் கற்றுக்கொடுத்தார். டைப்ரைட்டரில் அழிக்க முடியாது, அதனால் அழிக்க யாருமே கற்றுக்கொடுக்கவில்லை. அதை மட்டும் அவரவர் தானாகப் பழகியிருக்கிறார்கள். நாங்களோ, தப்பு வந்த வரியை எல்லாம் கணக்கில் சேர்க்காமல் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஹெப்சிபா புரோகிராமை மாற்றி எழுதினாள். தப்பு வந்ததும் எவ்வளவு நேரம் திகைக்கிறார்கள், எத்தனை எழுத்து தாண்டிக் கவனிக்கிறார்கள், எப்படி அழிக்கிறார்கள். நான் அவள் வாயில் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். "இன்னும் வேகமா அடிங்கக்கா, தப்பா அடிங்க" என்று கெஞ்சினால் ஒருத்திக்கும் மனசு வரவில்லை. "தப்பா அடிச்சா மார்க் போய்டும்மா" என்றாள் ஜெயந்தி, பரீட்சை எழுதிப் பல வருடம் ஆனவள். கடைசியில் நஸ்ரின் அக்காவே பந்தயம் வைத்தார். "யாரு ஜாஸ்தி தப்பு வுடறாங்களோ அவங்களுக்கு இன்னிக்கு என் செலவுல டீ, சமோசா." பிறகு கேட்க வேண்டுமா? ஆபீஸ் முழுக்க ஒரே டமடம. தாளம் தறிகெட்டு ஓடியது. மறுபடியும் ஆளை மாற்றி உட்கார வைத்தோம். மேரி நஸ்ரினின் பெயரில் உட்கார்ந்தாள். அடித்தாள், தப்பினாள், அழித்தாள்.

'நீ நஸ்ரின் இல்லை.'

நான் போட்ட கூச்சலில் மானேஜர் ஓடி வந்தார். ஹெப்சிபா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது டிபன் பாக்ஸை மடியை விட்டு இறக்கவே இல்லை.

பேப்பர் தேர்வானது. அவள் பி.எச்டி. சேர்ந்து, வெளிநாடு போய், அங்கேயே பேராசிரியை ஆகிவிட்டாள். பஜார் இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்க்க என்னிடம் மிஷின் இல்லை. தப்பாக அடித்தால் போனே திருத்திவிடுகிறது.

ரயில் அரக்கோணம் தாண்டியதும் ஹெப்சிபாவுக்கு 'எப்படி இருக்கே' என்று அனுப்பினேன். அவள் எழுதுகிறாள் என்று மூன்று புள்ளிகள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின. ரொம்ப நேரம் ஓடின. கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது. 'நல்லா இருக்கேன்.'

முன்பானால் அவள் அழிக்கிறதும் என் திரையில் தெரிந்திருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. உடனே கூப்பிட்டேன். அவள் ஹலோ சொல்வதற்குள் கேட்டேன்.

"இன்னாடி அழிச்ச?"