கிராப்பி மந்தம்

சமையல்காரச் சீருடையில் யாரோ ஒரு பெண் ஒரே மாலையில் பதினோரு கிராப்பி மீன் பிடித்தாளாம். டோனட் கடையில் தன் மச்சினி கேட்டுவந்ததாக டெல்மர் சொன்னபோது, வெர்லீன் டாக்கெட் இரைத் தொட்டியில் செத்துப்போன பொடிமீன்களைச் சல்லடையால் அரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த இடமாம்?"

"பாலத்துக்குக் கீழன்னு நெனைக்கிறேன்."

"நீ நெனைக்கிறத யாரு கேட்டா? உன் மச்சினி என்ன சொன்னா?"

"அவ இடத்தைச் சொல்லல. கிராப்பின்னா பாலம்தானே?"

முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் டெல்மர். வழி தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

ஏரியின் படகுத்துறையில் மிதக்கும் இரைக்கடை வெர்லீனுடையது. அறுபத்தொரு வயது, குரல் மட்டும் முப்பது. வியாழன்தோறும் காலை ஏழு மணிக்கு மாவட்ட வானொலி அவளைக் கூப்பிடும். எந்த மீன் எப்படி இரை எடுக்கிறது என்று அவள் நேரலையில் சொல்வாள். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே விதி: கண்ணால் காணாத மீனைச் சொல்லமாட்டாள். இந்த ஏரியில் இருபது பிடித்தவன் "ரெண்டு மூணு" என்பான். ஒன்றும் பிடிக்காதவன் "எல்லாம் சின்னது, விட்டுட்டேன்" என்பான். ஆகவே வாளியைத் திறந்து காட்டினால்தான் கணக்கு.

அந்த அக்டோபரில் நாலு வாரமாக ஒரே பாட்டு. கோழி ஈரலுக்குக் கெளுத்தி நன்றாக எடுக்கிறது, பாசி ஓரத்தில் பாஸ் மீன் சுமார், கிராப்பி மந்தம். வானொலிக்கு வந்த புது மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: காபி குடிக்கிற நேரத்தில் ஜனங்களுக்கு நல்ல சேதி வேண்டும், இந்த வாரமும் மந்தம் என்றால் அடுத்த வாரத்திலிருந்து எதிர்க்கரைப் படகுத்துறைக்காரன் பேசுவான். அந்த ஆள் கடையை விட்டு வெளியே வராமலே எல்லா மீனும் பிரமாதம் என்பவன்.

கடையில் எடுபிடி வேலை பார்க்கும் நான் சொல்லிப்பார்த்தேன். "சுமார்னு சொல்லிடுங்களேன் வெர்லீன். யாருக்கு நஷ்டம்?"

"நாப்பது மைல் வண்டி ஓட்டிட்டு வந்து வெறுங்கையோட போறவன் மூஞ்சிய நீயா பாக்கப்போற?"

செவ்வாயன்று பாலத்துத் தூண்களைச் சுற்றிவந்தாள். ஒன்றுமில்லை. புதன் காலை டெல்மர் மனமிரங்கினார். கிறிஸ்துமஸ் முடிந்து எறிகிற மரங்களைச் சேர்த்து, கல் கட்டி, ஜனவரியில் ரகசியமாக ஏரியில் இறக்குவது இங்கே ஆண்களின் வழக்கம். மீன் அந்தக் கிளைகளில் குடியேறும். இடத்தைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். டெல்மர் வெர்லீனைப் படகில் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, தலையில் துண்டைப் போட்டு மூடித்தான் தன் இடத்துக்குக் கூட்டிப்போனார். துண்டுக்குள்ளிருந்தபடியே அவள் வழிநெடுகத் திட்டினாள். கிராப்பி இல்லை; கிடைத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு முள்மீன்.

மாலை மூன்றரைக்கு முதியோர் இல்லத்துச் சமையல்காரி ஓசெல்லா கடையைக் கடந்து போனாள். கையில் பெயின்ட் வாளி, மேலே துண்டு. ஒரு மாதமாகத் தினமும் போகிறவள்தான். படகு இல்லாதவர்களும் பொடிசுகளும்தான் துறையிலிருந்து தூண்டில் போடுவார்கள் என்று வெர்லீன் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று சீருடையைப் பார்த்தாள். சல்லடை கையிலேயே நின்றது.

"ஓசெல்லா! அந்தப் பதினோரு கிராப்பி..."

"பன்னெண்டு. ஒண்ணு டோனட் கடைக்காரிக்குக் குடுத்தேன்."

"எங்க பிடிச்ச?"

"உன் கடைக்குப் பின்னாடி. செத்த பொடிமீனெல்லாம் ஒரு ஓட்டை வழியா கொட்டுறியே, அதுக்குக் கீழதான் கூட்டமே."

"அடிப்பாவி! ஒரு மாசமா சொல்லவேயில்லையே?"

"நீ கேட்டியா? படகு வெச்சிருக்கறவங்களத்தான கேப்ப."

டெல்மர் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினார்.

"சரி, மீனக் காட்டு."

"அன்னிக்கே பொரிச்சுத் தின்னாச்சு. முள்ளு வேணா காட்டறேன்."

"முள்ளு கணக்குல வராது."

"இன்னிக்கு வாளிய வெச்சுட்டுப் போகத்தான் வந்தேன், ராத்திரிச் சமையல் இருக்கு. நாளைக்கு எனக்கு லீவு. ஆறு மணிக்கு வா, கண்ணு. ரேடியோல தாராளமா சொல்லிக்கோ. என் வாளி வெக்கிற எடத்துல மட்டும் எவனும் உக்காரக் கூடாது."

வியாழன் காலை தண்ணீர்மேல் புகை மாதிரி பனி. ஓசெல்லா தூண்டிலை வெர்லீன் கையிலேயே கொடுத்துவிட்டாள். "இத்தன வருஷமா இரை விக்கிற. கடைசியா எப்ப போட்ட?" வெர்லீன் ஒரு பொடிமீனைக் கொக்கியில் கோத்தாள். ஆறரை. ஆறே முக்கால். டெல்மர் காபியோடு வந்து, "பாலத்துக்கு ஒருவாட்டி..." என்று ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்ததில் மீதியைக் காபியோடு விழுங்கினார்.

ஏழுக்கு ஒரு நிமிஷம். தக்கை அமிழவில்லை, மெல்லப் படுத்தது. கிராப்பி கீழிருந்து இரையை மேலே தூக்கும். வெர்லீன் கோலை உயர்த்தினாள். நுனி வில்லாக வளைந்தது.

கடைக்குள் போன் அடித்தது.

"வெர்லீன், ரேடியோ!" என்று கத்தினார் டெல்மர்.

"காது கேக்குது."

"இழுக்காத, இழுக்காத," என்றாள் ஓசெல்லா. "இதுக்கு வாய் காகிதம் மாதிரி. அவசரப்பட்டா கிழிஞ்சிரும்."

வலையைப் பிடித்தபடியே நான் கடைப்பக்கம் திரும்பினேன். "போனை நான் போய் எடுக்கட்டுமா?"

"எடுத்து என்ன சொல்லுவ? நீ மீனப் பாத்தியா?"

"இல்ல."

"நானும் இன்னும் பாக்கல. வலையத் தண்ணில எறக்கு."

பழுப்புத் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ ஒருமுறை புரண்டு மறுபடி கீழே போனது. வெர்லீன் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று நூலைச் சுற்றினாள். உள்ளே போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.