மாய்லிஸும் கலங்கிய குழாயும்

மாய்லிஸ் பட்டம் வாங்கியவள் இல்லை. ஏஸ்லோவ் ஊர்ப் பால் பண்ணையில் கொழுப்புப் பரிசோதனை பார்த்துக்கொண்டிருந்தவள், இருபத்தாறு வயதில் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் குழாய் கழுவ வந்தாள். முப்பது வருஷத்தில் அவள் கைபடாத கரைசல் அங்கே கிடையாது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

அங்கே நடப்பது டிஎன்ஏ ஆராய்ச்சி. டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் கொண்ட நீள இழை. நேர்மின்னேற்றம் கொண்ட ஒருவகைச் சோப்பைத் தண்ணீரில் போட்டால், அதன் மூலக்கூறுகள் குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சேரும். இரண்டையும் கலந்தால் இழை அந்த உருண்டைகளோடு ஒட்டிச் சுருண்டு கெட்டியாகும்; தெளிந்த நீர் கலங்கிவிடும்.

அந்தப் பிப்ரவரியில், துளியூண்டு டிஎன்ஏவுக்கே குழாய் கலங்குவதைப் பேராசிரியர் சிக்ஸ்டன் கண்டுவிட்டார். யாருமே எதிர்பார்க்காத முடிவு. அதைப் பற்றிய கட்டுரை ஒரு நாள் மதியம் ஆய்விதழுக்குப் போக வேண்டியிருந்தது. ஆசிரியர் வரிசையில், முதன்முறையாக, மாய்லிஸின் பெயரும் இருந்தது.

பத்து மணிக் காப்பிக்குப் போகுமுன் ஆய்வக ஜன்னலை அகலத் திறந்து காற்றாட விடுவது அவள் வழக்கம், பனி கொட்டினாலும் சரி. டிஎன்ஏ சேர்த்த குழாய்கள் ஜன்னலோரம் இருக்கும்; டிஎன்ஏ சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய் எப்போதும் அறையைச் சூடாக்கும் கணப்போரம் இருக்கும். அன்று இடமில்லாமல் அதையும் ஜன்னலோரம் வைத்திருந்தாள். மூடி ஒன்றை எடுக்கத் திரும்பி வந்தவள் அதைப் பார்த்தாள். கலங்கியிருந்தது.

இரண்டு குழாய்களோடு காப்பி மேசைக்குப் போனாள்.

"சிக்ஸ்டன், அந்த ஏலக்காய் பன்ன கீழ வை. இதப் பாரு."

"கலங்கியிருக்கு. நல்லதுதான?"

"இதுல டிஎன்ஏவே இல்ல. வெறும் சோப்பு."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "சரியாக் கழுவாத குழாயா இருக்கும்."

"யாரு கழுவுன குழாயச் சொல்ற?"

ஒப்பீட்டுக் குழாயையும், அவர் கொண்டாடிய குழாயையும் கைக்கொன்றாக இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் கழிந்தது. கையை விரித்தாள். இரண்டுமே தெளிந்திருந்தன.

"குளிருக்குச் சோப்பு படிகமாயிருக்கு, அவ்வளவுதான். டிஎன்ஏ சுருண்டிருந்தா கைச்சூட்டுக்கெல்லாம் அவிழாது. ஜன்னலத் தெறந்தது நான். தப்பு என்னோடது."

"இது உன் பேரு வர்ற முதல் கட்டுரை, மாய்லிஸ்."

"தெரியும். நேத்தே தங்கச்சிகிட்ட பீத்திக்கிட்டேன்." குழாய்களை மேசையில் வைத்தாள். "பொய்யில பேரு வர்றதுக்கா இத்தன வருஷம் குழாய் கழுவினேன்?"

சிக்ஸ்டன் கட்டுரையை அனுப்பவில்லை. அதன்பின் அவள் பெயர் போட்டு நான்கு கட்டுரைகள் வெளிவந்தன. ஆனால் யாராவது கேட்டால், அன்றைக்கு அனுப்பாமல் நிறுத்திய அதைத்தான் தன் முதல் கட்டுரை என்று சொல்வாள்.