ஸ்கேனுக்கு அறுத்த அரைஞாண் கயிறு

எட்டு மாதமாக வயிற்றுப்போக்கு, ரத்தம், வலி. ஊரில் ஆளாளுக்கு உடம்புச் சூடு என்றார்கள். எனக்கு அப்பாவின் நினைப்புதான். அவரும் இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. எனக்கும் அதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

திண்டுக்கல் ஸ்கேன் சென்டரில், குடல் விரிந்து தெரிவதற்காக ஒன்றரை லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். அசட்டுத் தித்திப்பு, குமட்டியது. மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். படுத்திருந்த மேசை ஒருதரம் மெஷினுக்குள் போய் வந்ததுமே ஸ்கேன் எடுக்கிறவர் ஓடி வந்தார். பார்த்துவிட்டான், அவ்வளவுதான் என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணே, இடுப்புல என்ன?"

அரைஞாண் கயிறு. அதில் வெள்ளித் தாயத்து. அதைப் போய் யாராவது கழற்றுகிற சாமானில் சேர்ப்பார்களா?

"படத்துல கீத்து கீத்தா வெள்ளை விழுது, குடல் தெரியாது. அறுத்துருவோம்ணே. நேரமாச்சுன்னா குடிச்ச தண்ணி எறங்கிரும்."

"ஏலே, கையை எடு!" என்று கத்தினேன். எங்கள் பக்கம் புதுக்கயிறு கட்டாமல் பழசை அறுப்பது செத்தவனுக்குத்தான். அப்பாவைக் குளிப்பாட்டும்போது அறுத்தவன் நான். அவர் கையில் இருந்த கத்தரியைப் பார்த்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அவர் சிரிக்கவில்லை. "நானும் கட்டிருக்கேண்ணே" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். காயத்துக்குச் சுற்றும் துணியைத் தன் இடுப்பில் ஒரு சுற்று அளந்து கிழித்து, என் மனைவியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். அவள் கட்டினாள். அது எனக்கு ஒன்றரைச் சுற்று வந்தது.

"இம்புட்டா எளச்சுப்போனீங்க?" என்றாள். பிறகுதான் கத்தரி.

மறுநாள் டாக்டர் படத்தை விளக்கில் மாட்டினார். நான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"புத்துக்கட்டி மாதிரி எதுவும் இல்ல. சிறுகுடல் கடைசியில சுவர் வீங்கித் தடிச்சிருக்கு. கிரோன் நோய்னு தோணுது. சதை எடுத்து டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்குவோம்." கொஞ்சம் தயங்கினார். "இது லேசுல விடாதுங்க. ஆயுசுக்கும் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும்."

நான் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் இருந்த மனைவி முந்திக்கொண்டாள்.

"ஆயுசு பூராம் சாப்பிடட்டும் சார். நான் எடுத்துக் குடுக்குறேன்."

என் கை இடுப்பில் இருந்த துணி நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தது.