ஆறரை மணி வோல்டேஜ்

எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டாம். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் போதும். ஆம்பூரில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் ஆறு வீடுகள். எதிரெதிரே மூன்று மூன்றாக, நடுவில் ஒரு பொதுக் குழாய். எந்த வீட்டில் வீணாக லைட் எரிந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். "இன்னா, பகல்லயே தீபாவளியா?" என்று வாசலில் நின்று கேட்பேன். எனக்குக் 'கரண்ட் ஆபீசர்' என்று பேர் வைத்திருந்தார்கள். என் முன்னால் யாரும் சொன்னதில்லை. நான் கேட்டைத் திறக்கும்போது பிள்ளைகள் ஓடிப்போய் சுவிட்சை அணைக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஊருக்குச் சொன்னதை நானும் செய்தேன், அதை யாரும் மறுக்க முடியாது. குண்டு பல்பையெல்லாம் கழற்றி எல்இடி மாட்டினேன். அரிசியை ஊறவைத்து, நன்றாக நாலு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, பானையைப் பழைய கம்பளியில் சுற்றி வைத்துவிடுவேன். மீதி வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். குளிக்க ஹீட்டர் கிடையாது. கறுப்பு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து மொட்டை மாடியில் வைத்தால், எங்கள் ஊர் வெயிலுக்கு மதியத்துக்குள் கை வைக்க முடியாது. "வெயிலக்கூட வேஸ்ட் பண்ணாத புள்ளய பெத்துட்டேன்" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் தோலில் தையல் விட்டிருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்தப் பழக்கம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா என்ன.

போன வருஷம் கோடை ஆரம்பத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, சளி நுரையீரலில் இறங்கிவிட்டது. வேலூரில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு ஆக்ஸிஜன் மெஷினை வாடகைக்கு எடுக்கச் சொன்னார். காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெஷின் அது, கரண்டில் ஓடுவது. "கொஞ்ச நாளைக்கு இது நிக்கவே கூடாது" என்றார். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சிலிண்டரும் வாங்கிக்கொண்டோம். சில மணி நேரம் தாங்கும். தீர்ந்துவிட்டால் மறுபடி வேலூருக்கு ஓட வேண்டும். நான் லீவு போட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாள் பகல் முழுக்க மெஷின் நன்றாக ஓடியது. சாயங்காலம் ஆறரைக்குத்தான் வினை வந்தது.

எங்கள் பக்கம் கம்பெனி பஸ்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கிவிடும். காம்பவுண்டில் பெண்கள் பெரும்பாலும் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். ஆறேகாலுக்கு இறங்கி, முகம் கழுவி, ஆறரைக்கு வேலையை ஆரம்பிப்பார்கள். ஒரு வீட்டில் மிக்சி, ஒரு வீட்டில் கிரைண்டர், ஒரு வீட்டில் கரண்ட் அடுப்பு, வெளியே தண்ணீர் மோட்டார், எதிர்வீட்டில் துணி தேய்க்கும் பாயின் இஸ்திரிப் பெட்டி. எல்லாம் ஒரே லைனில். ஃபேன் கையால் சுற்றிவிட்டது போல மெதுவாகும். வழக்கமாக அந்த நேரத்தில் நான் கத்துவேன். அன்று மெஷின் கத்தியது.

சிவப்பு லைட் எரிந்தது. அம்மாவின் விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்ஸிஜன் எண் இறங்கிக்கொண்டே போனது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன். அப்புறம் வாசலுக்கு ஓடினேன், நாலு கத்து கத்தலாம் என்று. ஆனால் நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் முதுகொடிந்து வந்தவள் பிள்ளைகளுக்குச் சட்னி அரைக்கிறாள். அதைப் போய் வீண் என்று எந்த வாயால் சொல்வது?

மெஷின் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறவள். நான் கண்டித்த ஆட்களில் அவள்தான் முதல் வரிசை.

"இன்னாணா சத்தம்?"

"வோல்டேஜ் பத்தல. மெஷின் எடுக்கல" என்றேன்.

அம்மாவைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மிக்சி நின்றது. கிரைண்டர் நின்றது. மோட்டாரும் நின்றது. ஃபேன் வேகம் எடுத்தது, மெஷினில் பச்சை லைட் வந்தது. அந்தப் பச்சையைப் பார்த்தபோது எனக்குத் திரும்ப உயிர் வந்தது.

மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். அவர் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆறு வீட்டுக்கும் ஒரே ஃபேஸ் சார், ஒத்த லைன்லதான் எல்லாமே ஓடுது. மூணு ஃபேஸ் வாங்கி ரெண்டு ரெண்டு வூடா பிரிச்சாத்தான் சரியாவும். இத்தினி நாளு ஏன் வாங்காம வுட்டாங்க?" என்றார்.

 ஏன் வாங்கவில்லை என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு வருஷம் முன்பு வீட்டு ஓனரே மூணு ஃபேஸ் வாங்கித்தருவதாக இருந்தார். நான் தனியாகப் போய், "குடுத்தீங்கன்னா மறுநாளே ஆளுக்கொரு ஏசி மாட்டுவாங்க, கரண்ட்டுக்கு ஒரு மரியாதையே இருக்காது" என்று பேசித் தடுத்துவிட்டு வந்தேன். அவருக்கும் அலைச்சல் மிச்சம், விட்டுவிட்டார். பெரிய நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. காம்பவுண்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது ஓனருக்குப் போன் செய்து, உடனே கரண்ட் ஆபீசுக்கு எழுதிப் போடச் சொன்னேன். "நீதானப்பா வேணாம்ன" என்றார். எழுதிப் போட்டாலும் ஆட்கள் வந்து பார்த்து, கம்பி மாற்றி, எல்லாம் முடிய மாதக்கணக்கு ஆகும் என்றார்.

அன்று சாயங்காலம் ஆறு மணியிலிருந்தே சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ்கள் வந்தன. பேச்சுச் சத்தம், குடச் சத்தம் எல்லாம் கேட்டது. ஆறரை ஆனது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். காம்பவுண்டே குழாயடியில் நின்றது. நடுவில் சூப்பர்வைசர்.

கம்பெனியில் ஒரு இடத்தில் வேலை குவிந்தால் ஆட்களை மாற்றிப் போட்டு, எங்கேயும் தேங்காமல் ஓட்டுவதுதான் அவளுக்கு தினப்படி வேலை. அதையேதான் அங்கே செய்துகொண்டிருந்தாள்.

"மாவு அரைக்கிறவங்க காலைல அஞ்சு மணிலருந்து ஒவ்வொருத்தரா அரச்சிடுங்க. மோட்டார் நான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி போட்டு டேங்க் ரொப்பிட்றேன். கரண்ட் அடுப்பு வேணாம், கேஸ்லயே வையுங்க. மிக்சி அவசரம்னா ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர். பாய், உங்களுக்குத்தான் கஷ்டம்."

பாய்க்கு உண்மையிலேயே கஷ்டம்தான். கம்பெனி ஆட்கள் சாயங்காலம் துணி கொடுத்துக் காலையில் வாங்கிப் போவார்கள். ஆனாலும் அவர், "விடிகாலைல ஃபஜர் தொழுதுட்டு வந்து தேச்சிக்கிறேன்மா. எப்பிடியும் முழிச்சிட்டுத்தான இருக்கேன். இதுல இன்னா பேஜார்" என்றார்.

இப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. விடியற்காலையில் ஐந்து வீட்டிலும் முறை வைத்து வேலை நடக்கும், சாயங்காலம் காம்பவுண்டு அடங்கிக் கிடக்கும். பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டில், ஒரே லைட்டுக்குக் கீழே படித்தார்கள். மூலையில் கிடந்த அம்மிக்கல்லைக் கழுவி எடுத்தார்கள். ஒருநாள் கடைசி வீட்டுப் பெண், விருந்தாளி வந்த அவசரத்தில் மிக்சியைப் போட்டுவிட்டாள். சட்டென்று ஞாபகம் வந்து நிறுத்தி, பாதி அரைத்த சட்னி ஜாரைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து, "அம்மாக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டாள். பச்சை லைட்டைக் காட்டினேன்.

எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். ஒரு சுவிட்ச் கூட என் பேச்சுக்காக மனசோடு அணைந்ததில்லை. இப்போது நான் கேட்காமலே ஒரு காம்பவுண்டே சிக்கனமாகியிருந்தது. நான் மிச்சம் பிடித்த கரண்டெல்லாம் என் வீட்டு மீட்டரோடு நின்றுபோனது. அவர்கள் மிச்சம் பிடித்தது என் அம்மாவின் மூக்குக்குள் மூச்சாகப் போனது.

அம்மா மெல்லத் தேறினாள். முதலில் பகலில் குழாயை எடுத்தோம், அப்புறம் ராத்திரியிலும். கடைசியில் டாக்டர் மெஷினே வேண்டாம் என்றார். வாடகைக்காரர்கள் வந்து அதைத் தூக்கிப்போன அன்று சாயங்காலம், பஸ்கள் வந்த பிறகு, நான் குழாயடிக்குப் போனேன். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "ரெண்டு வருஷம் முன்னாடியே நமக்கு மூணு ஃபேஸ் வந்திருக்கும். நான்தான் ஓனர்கிட்டப் போயி வேணாம்னு சொன்னேன். இத்தினி நாளு நீங்க பட்ட கஷ்டம் என்னாலதான்."

சூப்பர்வைசர் குடத்தைக் கழுவிக்கொண்டே, "தெரியும்ணா" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"மெஷின் கத்துச்சே, அன்னிக்கே மூணு ஃபேஸ் கேட்டு ஓனருக்கு போன் போட்டேன். அவரு சொல்லிட்டாரு."

 "அப்போ ஏன் ஒரு வார்த்த கேக்கல?" என்றேன்.

பாய் சிரித்தார். "கேக்கத்தான் வந்தோம் தம்பி. மறுநாளு இங்க கூடுனதே உன்ன நாலு வாங்கு வாங்கத்தான். உங்க வூட்டு ஜன்னல் தொறந்து இருந்துச்சு. அம்மா மூச்சு இழுக்கிறது இங்க வரிக்கும் கேட்டுச்சு."

"அப்புறம் எங்க சண்ட போட்றது" என்றாள் சூப்பர்வைசர். "யாரு எப்ப மாவு அரைக்கிறதுன்னு பேச ஆரம்பிச்சிட்டோம்."

நன்றி என்ற சொல்லை நான் அதிகம் புழங்கியவன் இல்லை.  எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினேன். அழுகை வந்தது, அங்கேயே நின்று அழுதேன்.